மணப்பாறை டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் லூர்துராணியை எல்லோரும் மணப்பாறை டீச்சர் என்றுதான் சொல்வோம். பாலக்கரைப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் உயர்நிலைப் பள்ளி அது. நான் மேல் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் நடத்தினேன். அவள் கீழ் வகுப்புகளுக்குத் தமிழ். ஒவ்வொரு லீவு முடிந்து வரும்போதும் ஒரு பெரிய பொட்டலம் முறுக்கு கொண்டுவருவாள். ஆசிரியைகள் அறை மேஜைமேல் அதைப் பிரித்து வைத்துவிட்டு ஓரமாய்ப் போய் உட்கார்ந்துகொள்வாள். ஊரில் எல்லோரும் சௌக்கியமா என்று யாராவது கேட்டால், சௌக்கியம்தான் என்பாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை வராது.

ஏழு வருஷம் அந்த முறுக்கைத் தின்றிருக்கிறேன். மணப்பாறையில் அவளுக்கு ஒரு ஈ காக்கை கூடக் கிடையாது என்பது 1962இல்தான் எனக்குத் தெரியவந்தது. தெரியவந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் கதையைச் சொல்லப்போனால் நான் செய்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

துறையூருக்கு அப்பால் இருக்கிறது வேங்கைமலை. மேலே பதினாலு கிராமம். சாமையும் கேழ்வரகும் விளைவித்துக்கொண்டு, தங்களுக்கென்று தனிக் கோயில், தனி ஆட்டம், தனிப் பாட்டு என்று வாழ்ந்த ஜனங்கள். அந்தக் காலத்தில் தை மாதத் திருவிழாவுக்குக் கீழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக நடந்தே ஏறிப்போவார்களாம். அந்தக் கிராமங்களில் ஒன்றில், வீரமலைக்கும் பொன்னுத்தாய்க்கும் இரண்டாவது மகளாகப் பிறந்தவள் லூர்துராணி. அப்போது அவள் பெயர் மயிலம்மாள். மூன்று வயது மூத்தவள் ஒரு அக்காள், வெள்ளையம்மாள்.

யுத்த காலத்தில், 1943 என்று நினைக்கிறேன், மலையில் விஷக்காய்ச்சல் பரவியது. வீட்டுக்கு வீடு ஆள் விழுந்தது. ஒன்பது வயது மயிலம்மாளுக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியதும், வீரமலை அவளை முதுகில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் இறங்க ஆரம்பித்து, மாலையில் அடிவாரத்து மிஷன் டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்தார். மகள் பிழைத்தாள். ஆனால் அவருக்கும் அதே காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் அங்கேயே இறந்துபோனார். அந்த வாரமே சர்க்கார் மலைப்பாதையில் மூங்கில் கேட் போட்டு, யாரும் ஏறக் கூடாது, இறங்கக் கூடாது என்று அடைத்துவிட்டது. அனாதையாய் நின்ற நாலு பிள்ளைகளைக் கன்னியாஸ்திரீகள் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பிவைத்தார்கள். நாலு பேரில் ஒருத்தி மயிலம்மாள். இங்கே ஞானஸ்நானம் கொடுத்து லூர்துராணி என்று பெயர் வைத்தார்கள்.

போர்டிங்கில் மற்றப் பெண்கள் அவளை மலைக்காரி என்று கூப்பிட்டார்கள். அவள் வாயைத் திறந்தாலே சிரிப்பு. "நீங்க எலி திம்பீங்களாமே" என்பார்கள். தலையில் பேன் இருக்கும் என்று பக்கத்தில் படுக்கமாட்டார்கள். அவள் அழவில்லை. மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகினாள். ஒரு வருஷத்தில் அவள் பேச்சு எல்லோர் பேச்சையும்போல ஆகிவிட்டது.

பிறகு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். முதல் நாள் வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருத்தியையும் எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். இவளுக்கு முன்னால் நின்ற பெண் மணப்பாறை என்றாள். இவளும் மணப்பாறை என்றாள். அவ்வளவுதான். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் ஒரு தடவை எழுதிவிட்ட பிறகு அது சர்டிபிகேட்டில் ஏறியது, எங்கள் பள்ளிக்கூடத்துச் சர்வீஸ் ரிஜிஸ்தரில் ஏறியது. லீவு விட்டால் ஊருக்குப் போகாமல் இருக்க முடியுமா? கான்வென்டிலேயே நாளைக் கழித்துவிட்டு, கடைசி நாள் திண்டுக்கல் ரோட்டில் போகும் பஸ்ஸில் ஏறி மணப்பாறையில் இறங்குவாள். மாட்டுச்சந்தைப் பக்கம் சும்மா ஒரு நடை நடப்பாள். முறுக்கு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

1957இல் அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை சவரிநாதன், பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நல்ல மனிதர். அவருடைய தாயார் சகாயம்மாளுக்குத்தான், பெண் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று கேள்விமேல் கேள்வி. மணப்பாறைதான், காலராவில் எல்லோரும் போய்விட்டார்கள், ஒன்றுவிட்ட சித்தப்பா வீடு மட்டும் இருக்கிறது என்று லூர்துராணியே சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகும் அந்தச் சித்தப்பா பெயரைச் சொல்லித்தான் முறுக்கு வாங்கப் போய்வந்தாள். மாதாகோயிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறித்த பிறகு அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அடிவாரத்து மிஷன் உபதேசியார் எழுதியிருந்தார். மலேரியாவுக்கு மருந்து அடிக்கிறவர்களோடு தாம் மலைக்குப் போயிருந்ததாகவும், தாயார் பொன்னுத்தாயும் தமக்கை வெள்ளையம்மாளும் உயிரோடு இருப்பதாகவும், மகள் இருக்கிறாளா இல்லையா என்று ஒரு வரி எழுதினால் போதும், தாம் போய்ச் சொல்லிவிடுவதாகவும் அதில் இருந்தது.

கடிதத்தை மூன்று நாள் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். நாலாம் நாள் கான்வென்ட் அடுக்களைக்குப் போய் அடுப்பில் போட்டாள். "கை நடுங்கக்கூட இல்லை டீச்சர்" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

பதில் வராததால் உபதேசியார் என்ன நினைத்திருப்பார்? ஆள் இருந்தால் எழுதியிருப்பாள் என்றுதான். அப்படியே மலையிலும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

1961 கடைசியில் மலையைத் திறந்துவிட்டார்கள். காய்ச்சல் ஒழிந்துவிட்டது, பஸ் போகிற மாதிரி ரோடு போட்டாகிவிட்டது, பழைய துரைமார் பங்களாவுக்கு வெள்ளையடித்துப் பயணிகள் விடுதி ஆக்கியிருக்கிறார்கள், தைத் திருவிழாவைப் பார்க்கப் பொதுமக்கள் வரலாம் என்று பேப்பரில் போட்டிருந்தது. எங்கள் தலைமையாசிரியை மதருக்கு உடனே ஆசை வந்துவிட்டது. ஆசிரியைகள் எல்லோரும் ஒரு நாள் எக்ஸ்கர்ஷன் போகவேண்டும், யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது என்று சர்க்குலர் விட்டார். லூர்துராணி கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். பொய்க்காய்ச்சல் சொல்லி நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பார்க்கவேண்டும் என்றும் இருந்தது, யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்றும் இருந்தது என்று சொன்னாள்.

என் வீடு ஸ்ரீரங்கத்தில். பாலக்கரையிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் நான் காவேரிப் பாலம் தாண்டி மாம்பழச்சாலையில் ஏறிக்கொண்டேன். இரண்டு தூக்கு நிறையப் புளியோதரை கொண்டுபோயிருந்தேன். லூர்துராணி பக்கத்தில்தான் இடம் இருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கொள்ளிடம், மண்ணச்சநல்லூர், துறையூர் எல்லாம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் பாதிப் பேருக்குத் தலைசுற்றல். எலுமிச்சம்பழம் கைமாறிக்கொண்டே இருந்தது. அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. அடிவாரத்தில் அந்த மூங்கில் கேட் தூக்கிக் கட்டியிருந்தது. அதைக் கடக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

மேலே எங்களை ராஜோபசாரமாக வரவேற்றார்கள். பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைக் கொண்டுவந்து கோயில் திடலில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். விருந்தாளிகள் எல்லாம் பெஞ்சில், மலைஜனங்கள் எல்லாம் தரையில். தையலிலையில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் தேனும் கொடுத்தார்கள். எங்களில் பல பேர் தேனை மட்டும் தொட்டுக்கொண்டு மிச்சத்தை அப்படியே மூடினோம். நான் என் புளியோதரையைப் பிரித்தேன். அவர்கள் பேசுவது தமிழா வேறு பாஷையா என்று லூர்துராணியைக் கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

சாப்பாடு ஆனதும் வீடுகளைப் பார்க்கக் கிளம்பினோம். குனிந்து நுழையவேண்டிய வாசல்கள், மொழுகிய சுவர்கள். கேட்காமலே உள்ளே போய்ப் பானையைத் திறந்து பார்த்தார்கள் சிலர். ஒரு வீட்டு முன்னால் பாறைமேல் வயதான ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பார்வை மங்கியிருந்தது தெரிந்தது. அவள் கழுத்தில் சிவப்பும் கறுப்புமாய்ப் பாசிமணி, பத்துப் பன்னிரண்டு சரம். நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடையில் துணியைத் தூக்கிப் பார்ப்பதுபோல அந்த மணிச்சரத்தை விரலால் தூக்கிப் பார்த்து, இது விலைக்குக் கிடைக்குமா என்று கூட வந்த வனக் காவலரிடம் கேட்டேன். அந்த அம்மாள் முகத்தை நிமிர்த்தி என் குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தாள். லூர்துராணி எனக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பியபோது அங்கே இல்லை. திடலுக்குத் திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் ஆட்டம் முடிந்ததும் மத்தளம் நின்றது. காவலர் எங்களுக்கு விளக்கினார். மலையை விட்டு வெளியே போய்ச் செத்தவர்கள், பிணம் ஊருக்கு வந்து சேராதவர்கள், அவர்கள் பெயரையெல்லாம் இப்போது கூப்பிடுவார்கள். வீட்டுக்கு ஒரு பெண் வந்து கோயில் கல்மேல் தண்ணீர் ஊற்றி மூன்று தரம் பெயர் சொல்லுவாள். வழி தெரிந்து வீடு வந்து சேரட்டும் என்று.

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சில பெயர்கள் மெல்ல, சில அழுகையோடு. பிறகு முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி குடத்தோடு வந்தாள். முதலில், வீரமலை, வா என்று மூன்று தரம் கூப்பிட்டாள். குடத்தைத் திரும்பச் சாய்த்தாள். வீரமலை மகள் மயிலம்மா, வா என்றாள். இரண்டாம் தரம் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். மூன்றாம் தரம் கல்லைப் பார்க்கவில்லை. திரும்பி, பெஞ்சுகளைப் பார்த்து நின்றுகொண்டு, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

எங்கள் வரிசையில் இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். அவர்களில் நான் ஒருத்தி. லூர்துராணி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

திரும்பி வந்த வாரமே பள்ளி ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதினேன். நகைச்சுவையாக எழுதுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. சாமைச் சோறு, குனிந்து நுழையும் வாசல், ஒன்றையும் விடவில்லை. பெயர் கூப்பிட்ட சடங்கைப் பற்றி, எங்களைத்தான் ஆவிகள் என்று நினைத்தாளோ என்னவோ, எங்களைப் பார்த்தே அந்தப் பெண் கூவினாள், எங்கள் கணக்கு டீச்சர் பதில் குரல் கொடுக்காததுதான் பாக்கி என்று எழுதினேன். மதர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

மலரின் புரூஃப் திருத்துவது தமிழ் டீச்சர்கள் வேலை. என் கட்டுரை லூர்துராணியிடம் போயிருந்தது. மாசி மாதம் ஒரு மத்தியானம், லைப்ரரியில் உட்கார்ந்து அவள் திருத்திக் கொடுத்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்திப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் சிவப்பு மையில் போட்டிருந்தாள். அந்தப் பெண் கூப்பிட்ட பெயர் சரியாக ஞாபகம் இல்லாமல் நான் குயிலம்மாள் என்று எழுதியிருந்தேன். அதை அடித்து மயிலம்மாள் என்று எழுதியிருந்தாள்.

அவள் எதிரேதான் இருந்தாள். ஒரு தடவை கேட்ட பெயர் இவ்வளவு நிச்சயமாக எப்படி ஞாபகம் இருக்கிறது என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"அது என் பேர் டீச்சர்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். தணிந்த குரலில், ஆரம்பத்திலிருந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அடுப்பில் போட்ட கடிதத்தைச் சொன்னாள். பெயர் கூப்பிட்டவள் தன் அக்காள் என்றாள். கடைசியில், "நீங்க மணியைத் தூக்கிப் பாத்தீங்களே, அவங்கதான் எங்கம்மா" என்றாள்.

நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் என் எழுத்து ஒவ்வொன்றும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டுரையை எடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள், தான் என்ன பதில் சொல்வது என்றாள். அவள் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும் விட்டுவிட்டேன். உண்மையில் மதர் பாராட்டிய கட்டுரையைத் திரும்பக் கேட்க எனக்கு மனசு இல்லை. அது அப்படியே அச்சாகி, ஐந்நூறு வீடுகளுக்குப் போனது. குயிலம்மாள் மட்டும் மயிலம்மாள் ஆகியிருந்தாள்.

அவள் ஏன் மறைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் வீட்டுக்கு அவள் மூன்று நாலு தடவை வந்திருக்கிறாள். ஒரு தடவைகூட நான் அவளை வாசல் ரேழியைத் தாண்டி உள்ளே கூப்பிட்டதில்லை. கிறிஸ்தவப் பெண் என்பதற்கே அவ்வளவு என்றால், மலைக்காரி என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

லீவு விட்டதும் இரண்டு பேருமாகப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்தோம். உடனே போயிருக்கலாம். பரீட்சை, பேப்பர் திருத்துவது என்று தள்ளிப்போட்டோம். அதற்குள் அவள் சவரிநாதனிடம் சொல்லிவிட்டாள். அவர் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் பட்டறைக்குக் கிளம்பும்போது, "என்னைக் கட்டிக்கிறதுக்கா உன் அம்மாவை அடுப்புல போட்டே?" என்று கேட்டாராம். சாயங்காலம் வந்து, நீ முதலில் போய்விட்டு வா, அப்புறம் நான் வருகிறேன், எங்கம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாராம்.

மே மாதம் முதல் வாரம் போனோம். இந்தத் தடவை சாதாரண பஸ், துறையூரில் மாறி ஏறினோம். வழியெல்லாம் அவள் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இது இன்ன மரம், இந்த ஓடையில்தான் அப்பா அவளை இறக்கித் தண்ணீர் கொடுத்தார் என்று. பத்தொன்பது வருஷமாக வாயைத் திறக்காதவள்.

வீட்டு முன்னால் பாறை காலியாக இருந்தது. வெள்ளையம்மாள் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் உலக்கையைச் சாத்திவைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கம்மா" என்றாள். இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னாள்.

"அக்கா" என்றாள் லூர்துராணி.

வெள்ளையம்மாள் ஆச்சரியப்படவில்லை. உள்ளே போய்ப் பாய் கொண்டுவந்து போட்டாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு எதிரே தரையில் உட்கார்ந்து, "அம்மா பங்குனியில போயிடுச்சு. நாப்பது நாளாகுது" என்றாள்.

லூர்துராணி பாயில் உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்து நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டாள். அழுகைச் சத்தம் வரவில்லை. நான் நாற்பது நாளை மனசுக்குள் பின்னால் எண்ணிக்கொண்டு போனேன். நான் ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞான பேப்பர் திருத்திக்கொண்டிருந்த வாரம் அது.

வெகுநேரம் கழித்து அவள் தலை நிமிர்ந்து, தன்னை இப்போதுதான் தெரிந்ததா என்று அக்காளைக் கேட்டாள்.

"அன்னிக்கே தெரியும். அம்மா மாதிரியே கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. மூணாவது தரம் உனக்குக் கேக்கட்டும்னுதான் கூப்பிட்டேன்."

"கிட்ட வந்து கையைப் பிடிச்சிருக்கலாமே, அக்கா."

"நீ குனிஞ்சுக்கிட்டியே" என்றாள் வெள்ளையம்மாள். "இஷ்டமில்லாதவளை அத்தனை பேருக்கு நடுவுல எப்படிப் பிடிச்சு இழுக்கிறது? உனக்கு என்ன கஷ்டமோன்னு விட்டுட்டேன்."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம்.

அம்மாவிடம் சொன்னாளா என்று லூர்துராணி கேட்டாள். சொல்லவில்லை என்றாள் அவள். வந்தாள், பார்க்காமல் போய்விட்டாள் என்று எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாளாம். பிறகு என் பக்கம் திரும்பி, லேசாகச் சிரித்தாள். "நீங்கதானே அம்மா மணியைத் தொட்டுப் பாத்தீங்க? அதையே சொல்லிக்கிட்டிருந்துச்சு. பட்டணத்து அம்மா ஒருத்தங்க என் கழுத்துல கை வெச்சு ஆசையாப் பாத்தாங்க, கை எம்புட்டு மெத்துனு இருந்துச்சுன்னு."

அந்த இடத்திலிருந்து எழுந்து எங்காவது போய்விடவேண்டும் போல இருந்தது எனக்கு. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கு என்று அவள் கேட்பாள். விலை கேட்டேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் எங்களை அம்மாவைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மண் இன்னும் இறுகவில்லை. பாசிமணியைக் கழற்றவில்லை, அதோடேயே வைத்துவிட்டார்கள் என்று சொன்னாள். லூர்துராணி மண்ணைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். ஜெபம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, மலைப் பேச்சில் ஏதோ சொன்னாள். பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய ஒன்பது வயதுப் பெண்ணின் பேச்சாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் அதைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அவள் மதர் அறைக்குப் போய், சர்வீஸ் ரிஜிஸ்தரில் ஊர்ப் பெயரை மாற்ற வேண்டும் என்று மனு கொடுத்தாள். பொய்த் தகவல் கொடுத்ததற்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தாள். விஷயம் ஒரே நாளில் ஆசிரியைகள் அறை முழுக்கப் பரவியது. நேரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. அவள் டிபன் பாக்ஸைப் பார்த்துவிட்டு, இன்றைக்குச் சாமைச் சோறா என்று ஒருத்தி கேட்டாள். என் கட்டுரையிலிருந்து எடுத்த வேடிக்கை அது. நான் அங்கேதான் இருந்தேன். அப்போதாவது எழுந்து, அந்தக் கட்டுரை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். "போதும், விடுங்கோ" என்று மட்டும் சொன்னேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சகாயம்மாள் ஆறு மாதம் மருமகள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. சவரிநாதன் தாயோடு சண்டை போடவில்லை, மனைவியையும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த தை மாதம் அவரும் மலைக்குப் போனார். சகலையோடு சேர்ந்து கூரைக்குப் புல் கட்டினார் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகள் பிறந்த பிறகு கிழவிக்கும் மனசு இளகிவிட்டது.

லூர்துராணி அதற்குப் பிறகு ஒரு லீவுகூட விடாமல் மலைக்குப் போய்வந்தாள். 1967இல் எனக்குத் தொண்டை ஆபரேஷன் ஆகி வீட்டில் படுத்திருந்தபோது பார்க்க வந்தாள். அன்றைக்கு அவளை உள்ளே கூப்பிட்டு என் கட்டிலருகே உட்காரவைத்தேன். என் மாமியார் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். அவள் கவனித்தாள். அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தாள். இப்போதெல்லாம் அங்கே உனக்கு நிம்மதியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

என் போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"போனா முதல்ல பாய் எடுத்துப் போடுறாங்க டீச்சர். வீட்டுல இருக்கிற ஒரே வெங்கலச் செம்புல எனக்குத்தான் தண்ணி. நான் உலக்கையை எடுத்தா அக்கா வாங்கி வெச்சிடுது. உங்களுக்கு எதுக்கு இந்த வேலைங்குது. அன்னிக்கு ஒரு நாள்தான் நீன்னு பேசுச்சு. அஞ்சு வருஷமாச்சு, அதுக்கப்புறம் என்னை வாங்க போங்கன்னுதான் கூப்பிடுது."

நீ சொல்லிப் பார்க்கக் கூடாதா என்றேன்.

"எந்த வாயால சொல்றது டீச்சர்?" என்றாள்.

பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டாள். எழுந்து எனக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.